இறங்கவும் கற்றுத் தாருங்கள்

ஏறுவதைப் பற்றி நமக்கு எத்தனையோ அறிவுரைகள் கிடைக்கின்றன. மதிப்பெண்ணில் ஏறு, தரவரிசையில் ஏறு, வாழ்க்கையில் ஏறு என்று காலை வழிபாட்டுக் கூட்டம் முதல் இரவுச் சாப்பாடு வரை கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இறங்குவது எப்படி என்று மட்டும் எவரும் சொல்லித் தருவதில்லை. அது தானாகவே வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள் போலும். தானாக வருவதில்லை என்பதைக் கடந்த ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையில், பரங்கிமலைச் சரிவில், நாங்கள் பதினொரு பேரும் தெரிந்துகொண்டோம்.

அன்று எங்களில் ஒருத்தி மிதிவண்டியிலிருந்து விழுந்தாள். முழங்கையில் நான்கு தையல்; மணிக்கட்டில் மூன்று வாரம் மாவுக்கட்டு. அடுத்து நடந்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில், பள்ளியின் மிதிவண்டிக் குழுவைக் கலைத்துவிட வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்றார் ஒருவர். பொதுத் தேர்வு எழுதும் ஆண்டில் கை உடைந்தால் யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். தலைமையாசிரியை சிஸ்டர் இரு தரப்பையும் பொறுமையுடன் கேட்டுவிட்டு, "பிள்ளைகளும் தங்கள் கருத்தை எழுதட்டும். அதையும் படித்துவிட்டு முடிவு சொல்கிறேன்" என்றார். அந்தக் கருத்தே இக்கட்டுரை. விழுந்த தோழியின் இசைவுடன்தான் எழுதுகிறோம். இதில் வரும் 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் அவளும் இருக்கிறாள். கட்டுக் கட்டிய கையோடு பக்கத்தில் அமர்ந்து, "இதையும் எழுது, அதையும் எழுது" என்று எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

முதலில் நடந்ததைக் கூறிவிடுகிறோம்.

ஜூலை 3 புனித தோமையார் திருவிழா. அதை ஒட்டி வரும் சனிக்கிழமையில், புனிதரின் நினைவைத் தாங்கி நிற்கும் மூன்று இடங்களையும் மிதிவண்டியில் சென்று தரிசிப்பது என்று திட்டமிட்டோம். சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை. ஏறக்குறைய 12 கிலோமீட்டர். முன்னால் உடற்பயிற்சி ஆசிரியை தம்முடைய மிதிவண்டியில். நடுவே மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தியாகராய நகர் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த பதினொரு பேர். பின்னால் முதலுதவிப் பெட்டியுடன் ஆட்டோவில் ஒரு சிஸ்டர். காலை ஐந்தரை மணிக்குச் சாந்தோம் பேராலய வாசலில் செபம் சொல்லிப் புறப்பட்டோம். இன்று நாம் காணும் அந்தக் கோதிக் பாணிக் கோவில் 1896-இல் கட்டி முடிக்கப்பட்டது. அடையாற்றின் மேலுள்ள திரு.வி.க. பாலத்தைக் கடக்கையில் கீழ்வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. சர்தார் பட்டேல் சாலையில் மரங்கள் குடை பிடித்தன. சின்னமலைக் குகையில் சற்று நேரம் முழந்தாளிட்டோம். கத்திப்பாராவில் மட்டும் இறங்கி, ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்தோம். ஏழு மணிக்குள் மலையடிவாரம் வந்துவிட்டது.

பரங்கிமலை சுமார் 300 அடி உயரமுள்ள சிறு குன்றுதான். நீலகிரியையோ ஏலகிரியையோ கண்டவர்களுக்கு அது ஒரு மலையாகவே தோன்றாது. ஆனால் கியர் இல்லாத சாதாரண மிதிவண்டியில் அதன் சாலையில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அது இமயமலை! பாதித் தூரம் மிதித்தோம். மீதித் தூரம் தள்ளினோம். படிகள் வழியாகவும் மேலே போகலாம். அப்படிகளை அமைத்துத் தந்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. அந்தப் பாலம் இருந்த இடத்தில் இப்போது மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. பக்தர்கள் ஏறுவதற்கு மட்டுமல்லாமல், நலமாக இறங்குவதற்கும் படி அமைத்தவர் அவர் என்பதை அன்று நினைத்துக்கொண்டோம்.

உச்சியில் 1523-இல் போர்த்துகீசியர் எழுப்பிய ஆலயம். 1547-இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை பீடத்தில் இருக்கிறது. 1986 பிப்ரவரி 5-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வந்து செபித்த இடம் அது. ஆலய முற்றத்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான ஓடுபாதை. மறு பக்கம் தொலைவில் கோடு கிழித்தாற்போல் கடல். வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் மார்பளவுச் சிலையும் அம்மலையில் இருக்கிறது. இந்தியா முழுவதையும் அளந்த பெரும் முக்கோணவியல் அளவைப் பணிக்கு, 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகில்தான் அவர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஊகத்தால் சொல்லாமல் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற பாடம் தொடங்கிய இடத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அந்தப் பாடத்தை நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை என்பது அடுத்த பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இறங்குவதற்கு முன் ஆசிரியை எங்களை வரிசையில் நிறுத்தினார். "முன்னால் போகிறவள் முதல் வளைவைத் தாண்டிய பிறகுதான் அடுத்தவள் புறப்பட வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்" என்றார். எங்களில் ஒருத்தி கையை உயர்த்தி, "மிஸ், எனக்குப் பயமாக இருக்கிறது. நான் தள்ளிக்கொண்டே இறங்குகிறேன்" என்றாள். நாங்கள் சிரித்தோம். "பாட்டியம்மா, கைத்தடி வேண்டுமா?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்கும் சிரித்தோம். ஆசிரியை எங்களை முறைத்துப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்போது பொருள் விளங்கவில்லை.

ஏழு பேர் நலமாக இறங்கினார்கள். எட்டாமவள் புறப்பட்டாள். முதல் வளைவைக் கடந்தாள். இரண்டாவது வளைவில் சாலையோரம் கொஞ்சம் மணல் கிடந்தது. பின்சக்கரம் 'சர்ர்' என்று வழுக்கிப் பக்கவாட்டில் போயிற்று. வண்டி ஒரு புறமும் அவள் ஒரு புறமுமாக விழுந்தார்கள். அவளுக்கு மிக நெருங்கிப் பின்னால் வந்தவள், வரிசைக்குச் சொன்ன விதியை மீறிப் புறப்பட்டிருந்தாள். அவள் மேலே ஏறிவிடாமல் மயிரிழையில் விலகினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாளே, 'பாட்டியம்மா', அவள்தான் எல்லாருக்கும் முன்பாக ஓடிவந்து, தன் துப்பட்டாவால் முழங்கையைக் கட்டினாள். எங்கள் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை.

இனி நாங்கள் வாதாட வந்த பொருளுக்கு வருகிறோம். அவள் ஏன் விழுந்தாள்? பெண்ணாக இருந்ததாலா? பத்தாம் வகுப்பில் படித்ததாலா? மலைக்குப் போனதாலா?

அடிவாரத்தில் அவளுடைய வண்டியை நிமிர்த்திப் பார்த்தோம். முன் பிரேக் வேலை செய்யவே இல்லை. கம்பி கழற்றி விடப்பட்டிருந்தது. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர், "முன் பிரேக்கைப் பிடித்தால் குட்டிக்கரணம் அடித்து விழுவாய், அது உனக்கு வேண்டாம்" என்று, வண்டி வாங்கிய புதிதிலேயே அதைத் தம் கையால் கழற்றி விட்டிருக்கிறார். அன்பினால் செய்தது, ஐயமில்லை. ஆனால் அவளைக் காப்பாற்றியிருக்க வேண்டிய பிரேக் அதுவே.

இதில் வியப்பு என்னவென்றால், பத்தாம் வகுப்பு அறிவியல் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம். ஓடும் வண்டியை நிறுத்தும்போது உடலின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னால் சாய்வதில்லையா, அதுபோலத்தான். அப்போது முன்சக்கரம் தரையை அழுத்தமாகப் பற்றுகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரத்தை மட்டும் இறுகப் பிடித்தால் அது சுழல்வதை நிறுத்திவிட்டு வழுக்கத் தொடங்கும். சரிவில் இறங்கும்போது இது இன்னும் அதிகம். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று இறுக்கினால் கவிழ்வது உண்மையே. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வழுக்குவதும் உண்மையே. உடலைச் சற்றுப் பின்னுக்கு இருத்தி, இரண்டையும் சேர்த்து, சிறிது சிறிதாகப் பிடிப்பதுதான் முறை. அதுவும் நேரான பாதையில், வளைவு வருவதற்கு முன்பாக. வளைவுக்குள் போன பின் பிரேக்கை இறுக்கினால் மணலும் ஈரமும் தம் வேலையைக் காட்டிவிடும்.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்த்தோம். வண்டியும் பெண்ணும் சேர்ந்து 70 கிலோ. இறங்கும் உயரம் 80 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிலை ஆற்றல் 70 × 9.8 × 80. ஏறக்குறைய 55,000 ஜூல். உராய்வும் காற்றும் பிரேக்கும் இல்லாமல் இறங்கினால் அடிவாரத்தில் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும்! அப்படி ஆகாமல் அந்த ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக மாற்றுபவை, சக்கரத்துக்கு இரண்டாக உள்ள நான்கு ரப்பர் பிரேக் கட்டைகள். ஒரு லிட்டர் தண்ணீரை 13 டிகிரி சூடாக்கப் போதுமான வெப்பம் அது. விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கட்டைகளை நம்பித்தான் நாம் இறங்குகிறோம். அவை தேய்ந்திருக்கின்றனவா என்று எத்தனை வீடுகளில் பார்க்கிறார்கள்?

நாங்கள் பார்த்தோம், ஆனால் விழுந்த பிறகு பார்த்தோம். பதினொரு வண்டிகளில் ஒன்றில் முன் பிரேக் இல்லை. இரண்டில் கட்டைகள் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஒன்றில் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. பெல் மட்டும் பதினொன்றிலும் கணீரென்று அடித்தது. புறப்படுமுன் வண்டிகளைச் சோதிக்காதது எங்கள் குற்றம். அதை எவர் மேலும் சுமத்த விரும்பவில்லை.

பிரேக்கின் அருமையை மலைகள்தாம் உலகத்துக்கே கற்றுக்கொடுத்திருக்கின்றன. இன்று 'மவுண்டன் பைக்' என்று கடைகளில் விற்கும் தடித்த டயர் வண்டியின் வரலாறு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தொடங்குகிறது. 1976-இல் அங்கே மாரின் பகுதி இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளில் மண் பாதையொன்றில் மலையிறங்கும் பந்தயம் நடத்தினார்கள். ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்தின் உள்ளிருக்கும் பிரேக் சூடேறி, அதிலிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே அந்தப் பாதைக்கு 'மறுபடி அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்ற பெயர் ஏற்பட்டது. அந்த இளைஞர்களோடு சேர்ந்து இறங்கியவர்களில் வெண்டி கிராக் என்ற பெண்மணியும் ஒருவர். அந்நாள்களைப் படம் பிடித்து வைத்தவரும் அவரே. பிரேக் புகைந்ததே என்று அவர்கள் வண்டியைப் பரணில் ஏற்றவில்லை. நல்ல பிரேக்கைத் தேடினார்கள். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆண்டில் சேர்க்கப்பட்டது. பெண்களில் முதல் தங்கத்தை வென்றவர் இத்தாலியின் பாவ்லா பெட்சோ.

அமெரிக்காவும் இத்தாலியும் நமக்குத் தூரம் என்று சொல்லலாம். புதுக்கோட்டை தூரமில்லை அல்லவா? 1991-இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று எல்லாரும் கற்றார்கள். 1992 பெண்கள் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டி ஊர்வலம் சென்றார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். நாளடைவில் அந்தப் பேச்சு அடங்கியது. பேருந்துக்குக் காத்து நின்ற நேரம் மிச்சமாயிற்று. தண்ணீரும் பிள்ளையும் கேரியரில் ஏறின. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்பெண்களின் பேத்திகளுக்கு இன்று எங்கள் வயது இருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கிராமத்துப் பாட்டிமார் கற்றதைச் சென்னை நகரத்துப் பேத்திகள் கற்கலாகாதா?

இன்னொன்றையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு நம் மாநில அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அடுத்த ஆண்டு எங்களுக்கும் அது கிடைக்கும். சென்ற ஆண்டுகளில் அதைப் பெற்ற அக்காமார் பலர், "வீட்டில் விடவில்லை" என்று அண்ணனிடமோ தம்பியிடமோ கொடுத்துவிட்டதை நாங்கள் அறிவோம். பீகார் மாநிலத்தில் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு மிதிவண்டி கொடுத்ததால், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை முப்பது விழுக்காட்டுக்கும் மேல் கூடியது என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் கண்டறிந்தார்கள். அங்கே பள்ளிக்கூடத்தையே பக்கத்தில் கொண்டுவந்த சக்கரங்கள், இங்கே மாடிப்படியின் கீழ் துருப்பிடிப்பது நியாயமா?

பெற்றோர் சொல்லும் தடைகளை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. சென்னைச் சாலைகள் மிதிவண்டிக்கு உகந்தவை அல்ல என்பது உண்மை. பேருந்தும் தண்ணீர் லாரியும் உரசிக்கொண்டு போகின்றன. அந்தி சாய்ந்தபின் தனியாக வருவது அச்சம் தரும். எனவே அண்ணா சாலையில் எங்களைத் தனியே விடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. "மலைக்கு ஏன் போக வேண்டும்? தெருவில் ஓட்டினால் போதாதா?" என்று கேட்கிறார்கள். இதற்கு மட்டும் எங்களிடம் தெளிவான விடை உண்டு. தட்டையான தெருவில் கெட்ட பிரேக்கும் நல்ல பிரேக்போலவே தோன்றும். அந்த முன் பிரேக் மூன்று ஆண்டுகளாக இல்லை. மூன்று ஆண்டுகளாக எவருக்கும் தெரியவில்லை. சரிவுதான் அதைக் காட்டிக்கொடுத்தது. ஆசிரியை முன்னேயும் முதலுதவிப் பெட்டி பின்னேயும் இருந்த இடத்தில் தெரிந்தது நல்லதா, ஒரு மழைநாளில் ஏதாவது பாலத்தின் இறக்கத்தில், எதிரே பேருந்து வரும்போது தெரிந்திருந்தால் நல்லதா? நம் ஊர் சமவெளிதான். ஆனாலும் ஆற்றுக்கு ஆறு பாலம். சந்திப்புக்குச் சந்திப்பு மேம்பாலம். இறக்கமே இல்லாத ஊர் இதுவன்று.

எங்கள் கன்னியர் இல்லத்தில் வயது முதிர்ந்த சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். இளமையில் தென் மாவட்டக் கிராமங்களில் மருந்துப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு மிதிவண்டியில் போய் வந்தவர். விழுந்த தோழியைப் பார்க்க வந்தபோது அவர் சொன்னார்: "நானும் விழுந்திருக்கிறேன், கண்ணு. விழுந்ததற்கு மதர் என்னைத் திட்டவில்லை. அங்கியைச் செயினில் விட்டுக் கறையாக்கியதற்குத்தான் திட்டினார்கள். மறுநாள் அவர்களே செயினுக்கு ஒரு தகரக் கவசம் வாங்கிக் கொடுத்தார்கள்." அந்த மதர், "இனிமேல் போகாதே" என்று சொல்லியிருந்தால் எத்தனை நோயாளிகள் காத்திருந்து ஏமாந்திருப்பார்கள்!

ஆகவே குழுவைக் கலைப்பதற்குப் பதிலாகத் தகரக் கவசம் கேட்கிறோம்.

முதலாவதாக, ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் வண்டிச் சோதனை நடத்த வேண்டும். காற்று, பிரேக், செயின் ஆகிய மூன்றையும் மாணவியரே பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவோம். பள்ளிக்கு அருகிலுள்ள சைக்கிள் கடைக்காரர், பிரேக் கட்டை மாற்றவும் பஞ்சர் ஒட்டவும் கற்றுத் தர இசைந்திருக்கிறார்.

இரண்டாவதாக, உடற்பயிற்சி வகுப்பில் சில மணி நேரமாவது மிதிவண்டிக்கு ஒதுக்க வேண்டும். வேகமாக ஓட்டுவதற்கல்ல, நிறுத்துவதற்கு. சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் நிற்கப் பழக வேண்டும். வேகம் இரு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்று புத்தகத்தில் படிப்பதைவிட, மைதானத்தில் ஒரு முறை பார்த்தால் மறக்காது.

மூன்றாவதாக, இதில் தேறாதவர்கள் எந்தச் சரிவிலும் இறங்கக் கூடாது. தேறியவர்களும், "நான் தள்ளிக்கொண்டு வருகிறேன்" என்று சொன்னால் எவரும் சிரிக்கக் கூடாது. இந்த விதியைக் கேட்பது நாங்கள். இதை மீறியவர்களும் நாங்களே. அன்று நடந்து இறங்கிய தோழியிடம் வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் சிரித்தது பெரிதில்லை. அவளும் என்னைப்போல் நடந்து வருகிறேன் என்று சொல்ல நினைத்தாளாம்; நீங்கள் சிரித்ததால் சொல்லவில்லையாம். அதுதான் பெரிது" என்றாள். விழுந்தவளும் ஆமென்று தலையசைத்தாள். அன்றைக்கு அவள் கையை முறித்ததில் கழற்றி விட்ட பிரேக்குக்கு எவ்வளவு பங்கோ, எங்கள் சிரிப்புக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று அப்போதுதான் உறைத்தது. இதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையானதாக இராது.

நான்காவதாக, பெற்றோரும் வர வேண்டும். தடுப்பதற்கு வரும் தந்தையர், கூட ஓட்டுவதற்கும் வரலாமே! உங்களில் பலர் குரங்குப் பெடல் அடித்து, வாடகை சைக்கிளில் கற்றவர்கள்தாம். முழங்காலில் உள்ள பழைய தழும்பைக் காட்டி எங்களுக்குக் கதை சொன்னவர்களும் நீங்கள்தாம். அப்பாவின் தழும்பு வீரக் கதையாகவும் மகளின் தழும்பு குடும்பத்தின் கவலையாகவும் ஆவது எப்படி?

மலைச் சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். ஏறுகிறவர் நின்றுவிட்டால் மறுபடி புறப்படுவது கடினம் என்பதே காரணம். ஏற்கெனவே உச்சியைக் கண்டுவிட்டவர்கள் பெற்றோர்களும் ஆசிரியர்களும். நாங்கள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குக் கொஞ்சம் வழிவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு அல்ல. எங்கள் பிரேக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டு.

விழுந்த தோழியின் வீட்டில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அவள் பேருந்தில்தான் வருகிறாள். அவளுடைய வண்டி வீட்டு வராந்தாவில் நிற்கிறது. ஆனால் சென்ற வாரம் ஒரு செய்தி சொன்னாள். முன் பிரேக்கைக் கழற்றி விட்ட அந்தப் பெரியவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரும் புதுக் கம்பியும் வாங்கி வந்து, எவரிடமும் ஒன்றும் சொல்லாமல் அதைத் திரும்பப் பூட்டிவிட்டாராம். பூட்டிய பிறகு வண்டியைத் தள்ளி, இரண்டு பிரேக்கையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தாராம்.

ஓட்டலாம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. சொல்வார் என்று நம்புகிறோம். தலைமையாசிரியை சிஸ்டரும் அவ்வாறே சொல்வார் என்று நம்பி, இக்கருத்தைப் பணிவுடன் அவர் முன் வைக்கிறோம்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
மிதிவண்டிக் குழுவின் சார்பில்.